ஒரு வேலைக்கு எத்தனை நிமிடம்? தொழிற்சாலை சாப்ட்வேருக்கு முன்பே கணக்குப் போட்ட ஃப்ரெட்ரிக் டெய்லர் யார்?

இன்றைக்கு ஒரு சைக்கிள் ஃபேக்டரிக்கு 100 சைக்கிள் ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர் கம்ப்யூட்டரில் 100 என்று டைப் செய்து ஒரு பட்டனை அழுத்துகிறார். அடுத்த சில நொடிகளில் இரண்டு பதில்கள் வந்துவிடும்.

முதல் பதில், என்னென்ன பொருள் வேண்டும் என்பது. ஒரு சைக்கிளுக்கு ஒரு ஃப்ரேம், இரண்டு சக்கரம். ஒரு சக்கரத்துக்கு 36 ஸ்போக்ஸ் கம்பி. அப்படியென்றால் 100 சைக்கிளுக்கு 200 ரிம், 7,200 கம்பி. ஸ்டோர்ஸில் ஏற்கெனவே 2,000 கம்பி இருந்தால் இன்னும் 5,200 வாங்கினால் போதும். இந்தப் பட்டியலுக்கு 'பில் ஆஃப் மெட்டீரியல்ஸ்' என்று பெயர். ஃபேக்டரிக்காரர்கள் சுருக்கமாக 'பிஓஎம்' என்பார்கள்.

இரண்டாவது பதில், எந்த வேலை எந்த வரிசையில், எந்த மெஷினில், எவ்வளவு நேரத்தில் நடக்க வேண்டும் என்பது. பைப்பை வெட்ட இத்தனை நிமிடம், வெல்டிங்குக்கு இத்தனை நிமிடம், பெயின்ட் அடிக்க இத்தனை நிமிடம், மெஷினைத் தயார் செய்ய இத்தனை நிமிடம். இதற்குப் பெயர் 'ரூட்டிங்'.

இந்த இரண்டும் சரியாக இருந்தால் சொன்ன தேதிக்கு சைக்கிள் போய்ச் சேரும். ஒன்று தப்பினாலும் எல்லாம் தப்பும். பொருள் பட்டியலைச் சரிபார்ப்பது அவ்வளவு கஷ்டம் இல்லை. ஒரு சைக்கிளைப் பிரித்துப் போட்டு எண்ணிவிடலாம். ஆனால், அந்த நிமிடக் கணக்கு இருக்கிறதே, அது எங்கிருந்து வருகிறது? யார் முடிவு செய்வது?

இந்தக் கேள்விக்காகவே வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டிய ஒரு மனிதர் இருந்தார். கம்ப்யூட்டர் வருவதற்குப் பல வருடங்கள் முன்பே, வெறும் காகிதத்தையும் ஸ்டாப்வாட்சையும் வைத்து ரூட்டிங் போட்டவர். அவரைக் கொண்டாடியவர்களும் உண்டு, வெறுத்தவர்களும் உண்டு. அவர் பெயர் ஃப்ரெட்ரிக் வின்ஸ்லோ டெய்லர்.

வசதியான வீட்டுப் பையன் பட்டறைக்கு வந்தது எப்படி?

1856 மார்ச் 20ஆம் தேதி அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில், ஜெர்மன்டவுன் பகுதியில் பிறந்தார் டெய்லர். அப்பா வழக்கறிஞர். அம்மா அடிமை முறைக்கு எதிராகத் தீவிரமாக இயங்கியவர். பணத்துக்குப் பஞ்சமே இல்லாத குடும்பம். சின்ன வயதிலேயே ஐரோப்பாவைச் சுற்றி வந்த பையன்.

மகனும் தன்னைப் போலவே சட்டம் படிக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. ஹார்வர்டு நுழைவுத் தேர்வில் டெய்லர் சிறப்பாகவே தேறினார். ஆனால் கண் பார்வையிலும் தலைவலியிலும் பிரச்சினை வந்து, கல்லூரிக்குப் போகவில்லை. 1874ல், 18 வயதில் அவர் எடுத்த முடிவு அந்தக் காலத்து வசதியான குடும்பங்களில் யாரும் எதிர்பார்க்காதது. ஃபிலடெல்ஃபியாவில் பம்ப் செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையில் அப்ரென்டிஸாகச் சேர்ந்துவிட்டார். அங்கே பேட்டர்ன் செய்வதும், லேத் பட்டறை வேலையும் கற்றுக்கொண்டார்.

நான்கு வருடம் அங்கே. பிறகு 1878ல் மிட்வேல் ஸ்டீல் நிறுவனத்தில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்தார். அங்கிருந்து அவர் ஏறிய வேகம் அசாத்தியமானது. கிளார்க், லேத் ஆபரேட்டர், கேங் பாஸ், ஃபோர்மேன் என்று ஆறே வருடத்தில் தலைமைப் பொறியாளர் ஆனார். இதற்கு நடுவிலேயே ஸ்டீவன்ஸ் இன்ஸ்டிட்யூட்டில் படித்து 1883ல் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் பட்டம். அதற்கும் நடுவில், 1881ல் நடந்த முதல் அமெரிக்க தேசிய டென்னிஸ் போட்டியில் நண்பர் கிளாரன்ஸ் கிளார்க்குடன் சேர்ந்து இரட்டையர் பட்டமும் வென்றார். எதை எடுத்தாலும் கணக்குப் போட்டு ஜெயிக்க நினைக்கும் ஆள்.

மிட்வேலில் மூன்று வருடச் சண்டை

மிட்வேலில் லேத்தில் நின்றபோது டெய்லர் ஒரு விஷயத்தைப் பார்த்தார். அங்கே யாரும் முழு வேகத்தில் வேலை பார்ப்பதில்லை. ஒரு நாளைக்கு இத்தனை பீஸ்தான் என்று தொழிலாளர்களே பேசி வைத்திருந்தார்கள். புதிதாக வருகிற ஆளும் அந்தக் கணக்கைத் தாண்டக் கூடாது. டெய்லரும் தொழிலாளியாக இருந்தவரை அதற்குக் கட்டுப்பட்டே நடந்தார்.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. காரணம் இருந்தது. அப்போது சம்பளம் பீஸ் ரேட்டில், அதாவது செய்யும் பீஸுக்கு இவ்வளவு காசு. யாராவது ஒருவர் வேகமாகச் செய்து கூடுதலாகச் சம்பாதித்தால் நிர்வாகம் என்ன செய்யும்? இவ்வளவு சுலபமான வேலைக்கா இவ்வளவு காசு என்று சொல்லி ரேட்டைக் குறைத்துவிடும். அப்புறம் எல்லோரும் இரண்டு மடங்கு உழைத்தாலும் பழைய சம்பளம்தான். அதனால் ஒரு வேலைக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆகும் என்பதை முதலாளி தெரிந்துகொள்ளாமல் பார்த்துக்கொள்வதே தொழிலாளிக்கு இருந்த ஒரே பாதுகாப்பு. டெய்லரே பிற்காலத்தில் இந்த நியாயத்தை ஒப்புக்கொண்டு எழுதினார்.

ஆனால் கேங் பாஸ் ஆனதும் அவர் மறுபக்கம் போய் நின்றார். உற்பத்தியைக் கூட்டியே தீருவேன் என்று இறங்கினார். ரேட்டைக் குறைத்தார், ஆட்களை நீக்கினார், புது ஆட்களைப் பழக்கினார். பதிலுக்கு மெஷின்கள் மர்மமாக உடைந்தன. உடைத்தவர் யாராக இருந்தாலும் அபராதம் என்றார் டெய்லர். வீட்டுக்குத் தனியாக நடந்து போனால் சுட்டுவிடுவார்கள் என்று நண்பர்கள் எச்சரிக்கும் அளவுக்குப் பகை முற்றியது.

கிட்டத்தட்ட மூன்று வருடம் நீடித்த இந்தச் சண்டையில் கடைசியில் உற்பத்தி கூடியது, டெய்லர் ஜெயித்தார். ஆனால் நாள் முழுக்க விரோதமான முகங்களைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்த அந்த வாழ்க்கை அவருக்கே கசந்தது. அப்போது அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இந்தத் தகராறுக்கு மூலகாரணம், ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது நிர்வாகத்துக்குத் தெரியாததுதான். அதை யாரும் மறுக்க முடியாதபடி அளந்துவிட்டால் சண்டையே இருக்காது என்று நம்பினார்.

அந்த நம்பிக்கை பாதி சரி, பாதி தவறு. அது தெரிய இன்னும் 30 வருடம் இருந்தது.

ஒரு கேள்விக்கு 26 வருட ஆராய்ச்சி

லேத்தில் ஒரு இரும்புத் துண்டைக் கடைய வேண்டும். எந்த டூல் போடுவது? எவ்வளவு வேகத்தில் சுற்றுவது? ஒரு சுற்றுக்கு டூல் எவ்வளவு நகர வேண்டும்? அனுபவமுள்ள டர்னர் இதைக் கைப்பழக்கத்தில் முடிவு செய்வார். பத்து டர்னரிடம் கேட்டால் பத்து பதில் வரும்.

1880ல் மிட்வேலின் தலைவர் வில்லியம் செல்லர்ஸிடம் அனுமதி வாங்கி, இதற்கு விடை தேடத் தொடங்கினார் டெய்லர். சில மாதங்களில் முடிந்துவிடும் என்று ஆரம்பித்த வேலை 26 வருடம் இழுத்தது. 30,000க்கும் மேற்பட்ட சோதனைகள். அதற்காகவே சீவித் தள்ளிய இரும்பும் எஃகும் 8 லட்சம் பவுண்டு, அதாவது சுமார் 360 டன். உலோகத்தின் கடினம், டூலின் வடிவம், வெட்டின் ஆழம், குளிர்விக்க ஊற்றும் தண்ணீர் என்று 12 காரணிகள் சேர்ந்துதான் வேகத்தைத் தீர்மானிக்கின்றன என்று கண்டுபிடித்தார்.

12 காரணிகளை வைத்துப் பட்டறையில் நின்று யார் கணக்குப் போடுவது? இதற்கு கார்ல் பார்த் என்ற கணித வல்லுநர் ஒரு ஸ்லைடு ரூல் செய்து கொடுத்தார். மரச்சட்டத்தை இப்படியும் அப்படியும் நகர்த்தினால் சரியான வேகம் அரை நிமிடத்தில் கிடைத்துவிடும். இன்றைய சாப்ட்வேரில் ஒரு மெஷினுக்கான நேரத்தைத் தானாகக் கணக்கிடும் வசதிக்கு இதை முன்னோடி என்று சொல்லலாம்.

1906ல் அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினீயர்கள் சங்கத்தின் தலைவராக இருந்தபோது இந்த ஆராய்ச்சியின் மொத்த முடிவையும் வெளியிட்டார். டெய்லரின் எதிரிகள்கூட இந்த வேலையைக் குறை சொல்லவில்லை.

பிளானிங் ரூம் என்றால் என்ன?

டெய்லர் செய்த பெரிய மாற்றம் ஸ்டாப்வாட்ச் அல்ல, ஒரு அறை. 1903ல் வெளிவந்த அவருடைய 'ஷாப் மேனேஜ்மென்ட்' என்ற புத்தகத்தில் அந்த அறையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

அதுவரை என்ன நடந்தது? ஆர்டர் வந்தால் ஃபோர்மேனிடம் டிராயிங்கைக் கொடுத்துவிடுவார்கள். எந்த மெஷினில் முதலில் போடுவது, பொருள் இருக்கிறதா, டூல் எங்கே, யாரிடம் கொடுப்பது எல்லாமே ஃபோர்மேன் தலையில்தான். அவர் ஒரு நாள் லீவு போட்டால் பாதி வேலை நின்றுவிடும். எந்த ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று முதலாளிக்கே தெரியாது.

டெய்லர் அந்த ஒரு ஃபோர்மேனை எட்டாகப் பிரித்தார். நான்கு பேர் பட்டறையில். வேலையை மெஷினில் ஏற்ற ஒருவர், வேகத்தைப் பார்க்க ஒருவர், தரத்தைப் பார்க்க ஒருவர், மெஷின் பராமரிப்புக்கு ஒருவர். மீதி நான்கு பேருக்குப் பிளானிங் ரூம். அவர்களில் மூன்று பேருடைய வேலையைப் பார்த்தால் இன்றைய சாப்ட்வேரின் மெனு அப்படியே தெரியும்.

ஒருவர் 'ரூட் கிளார்க்'. ஒவ்வொரு பாகமும் எந்த மெஷினில் தொடங்கி எந்த மெஷினுக்குப் போக வேண்டும் என்று வரிசை எழுதுவது அவர் வேலை. இன்றைய ரூட்டிங் அதுதான்.

அடுத்தவர் 'இன்ஸ்ட்ரக்‌ஷன் கார்டு கிளார்க்'. எந்த டூல், என்ன வேகம், ஒவ்வொரு படிக்கும் எத்தனை நிமிடம் என்று ஒரு அட்டையில் எழுதித் தொழிலாளியின் கைக்கு அனுப்புவார். இன்று மெஷின் பக்கத்தில் திரையில் தெரிகிற வேலைக் குறிப்பு இந்த அட்டைதான்.

மூன்றாமவர் 'டைம் அண்ட் காஸ்ட் கிளார்க்'. வேலை உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது, எவ்வளவு செலவானது என்று பதிவு செய்பவர். நான்காமவர் ஒழுங்கு நடவடிக்கைக்கானவர்.

இதோடு முடியவில்லை. ஸ்டோர்ஸில் என்ன இருக்கிறது, எவ்வளவு ஏற்கெனவே வேறு ஆர்டருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்ற இருப்புக் கணக்கும் இந்த அறையில்தான். ஒவ்வொரு பாகத்துக்கும் நினைவில் நிற்கும்படி எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு கொடுக்கச் சொன்னார். நாம் இன்று சொல்லும் பார்ட் நம்பர்.

இதில் இருக்கிற நன்மை பெரியது. பட்டறையில் நடப்பது முதல்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. பொருள் இல்லாமல் மெஷின் சும்மா நிற்பது குறைந்தது. டெய்லருடன் வேலை பார்த்த ஹென்றி கேன்ட் இதே வழியில் போய் உருவாக்கிய அட்டவணைதான் இன்றும் புராஜெக்ட் மேனேஜர்கள் பயன்படுத்தும் 'கேன்ட் சார்ட்'.

ஆனா, இதற்கு ஒரு விலையும் இருந்தது. அதுவரை தொழிலாளியின் கையிலும் தலையிலும் இருந்த அறிவு இப்போது ஒரு அட்டைக்குப் போய்விட்டது. யோசிப்பது ஓர் அறை, செய்வது இன்னோர் அறை என்று ஆனது.

பெத்லஹேமில் நடந்தது என்ன?

1898ல் பெத்லஹேம் ஸ்டீல் நிறுவனம் டெய்லரை ஆலோசகராக அழைத்தது. அங்கே மான்செல் ஒயிட் என்பவருடன் சேர்ந்து, டூல் செந்நிறமாகச் சூடேறினாலும் முனை மழுங்காத 'ஹை ஸ்பீடு ஸ்டீல்' தயாரிக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அந்த டூல் ஓடியதைப் பார்த்து ஐரோப்பிய பொறியாளர்கள் அசந்துபோனார்கள். உலகம் முழுக்க லேத்களின் வேகமே மாறியது.

அதே இடத்தில் மண்வாரிகளையும் அளந்தார். ஒரு தடவைக்குச் சுமார் 21 பவுண்டு, அதாவது ஒன்பதரை கிலோ அள்ளினால்தான் ஒரு ஆள் நாள் முழுக்க அதிகம் அள்ள முடியும் என்று கண்டார். கனமான தாதுவுக்குச் சின்ன மண்வாரி, லேசான கரித்தூளுக்குப் பெரிய மண்வாரி என்று கம்பெனியே கொடுக்க வைத்தார். 400 முதல் 600 பேர் பார்த்த வேலையை 140 பேர் பார்த்ததாக அவருடைய கணக்கு சொல்கிறது.

ஆனால் அவருக்குப் புகழும் கெட்ட பெயரும் ஒருசேரக் கொடுத்தது 1899ல் நடந்த இன்னொரு சோதனை. சுமார் 42 கிலோ எடையுள்ள வார்ப்பிரும்புக் கட்டிகளைத் தூக்கி ரயில் பெட்டியில் ஏற்றும் வேலை. ஒரு ஆள் ஒரு நாளைக்கு 12.5 டன் ஏற்றிக்கொண்டிருந்த இடத்தில், சொன்னபடி தூக்கி, சொன்னபடி ஓய்வெடுத்து 47.5 டன் ஏற்ற முடியும் என்று காட்டினார். அதற்காகக் கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது. ஏறக்குறைய நான்கு மடங்கு வேலைக்கு 60 சதவீதம் கூடுதல் கூலி. போதாததற்கு, இந்த வேலைக்கு ஏற்ற ஆள் புத்தியில் எருதைப் போல இருக்க வேண்டும் என்ற அர்த்தத்தில் எழுதியும் வைத்தார். அந்த வரி அவரைக் கடைசிவரை விடவில்லை.

இந்தக் கதையில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1974ல் இரண்டு ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, டெய்லர் சொன்ன விவரங்கள் பலவும் நடந்ததோடு ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தது. எல்லாவற்றையும் அளக்க வேண்டும் என்று சொன்னவரே தன் கதையை மெருகேற்றிச் சொல்லியிருக்கிறார்.

பெத்லஹேம் நிர்வாகத்தோடும் அவருக்கு ஒத்துப்போகவில்லை. 1901ல் வெளியே அனுப்பப்பட்டார். அப்போது கையில் போதுமான சொத்து இருந்தது. அதன் பிறகு காசு வாங்காமலேயே ஆலோசனை சொன்னார். ஃபிலடெல்ஃபியாவில் அவருடைய முறையைப் பின்பற்றிய டேபர், லிங்க்-பெல்ட் என்ற இரண்டு நிறுவனங்களைப் பார்க்கப் பல இடங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

ஒரே வழக்கில் நாடறிந்த பெயர்

1910ல் அமெரிக்க ரயில்வே கம்பெனிகள் சரக்குக் கட்டணத்தை உயர்த்த அனுமதி கேட்டன. எதிர்த்து வாதாடியவர் வழக்கறிஞர் லூயிஸ் பிராண்டைஸ், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனவர். கட்டணத்தை ஏன் ஏற்ற வேண்டும், டெய்லர் முறையில் வேலையை ஒழுங்குபடுத்தினாலே நாளொன்றுக்கு 10 லட்சம் டாலர் மிச்சமாகுமே என்று அவர் தரப்பு வாதிட்டது. மறுநாள் பேப்பர்களில் அதுதான் செய்தி. இந்த முறைக்கு 'சயின்டிஃபிக் மேனேஜ்மென்ட்' என்ற பெயர் நிலைத்ததும் அந்த வழக்கில்தான். 1911ல் அதே தலைப்பில் டெய்லரின் புத்தகம் வந்தது. சில வருடங்களுக்குள் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் மொழிபெயர்க்கப்பட்டது.

ஸ்டாப்வாட்சை எதிர்த்த தொழிலாளர்கள்

அதே 1911ல்தான் அடியும் விழுந்தது. மாசசூசெட்ஸில் இருக்கும் வாட்டர்டவுன் ஆர்சனல், அமெரிக்க ராணுவத்துக்குப் பீரங்கி வண்டிகள் செய்த அரசுத் தொழிற்சாலை. அங்கே மெஷின் பட்டறையில் கார்ல் பார்த் டெய்லர் முறையைக் கொண்டுவந்தார். ஓரளவு நன்றாகவே நடந்தது. ஆகஸ்ட் மாதம் ஸ்டாப்வாட்ச் ஃபவுண்டரிக்குள் நுழைந்தது.

ஃபவுண்டரி வேலை லேத் வேலை மாதிரி இல்லை. மண்ணின் ஈரம், மோல்டின் வடிவம், கைப்பக்குவம் எல்லாம் சேர்ந்த தொழில். நேரம் குறிக்க வந்தவருக்கு அந்தத் தொழில் தெரியாது என்பது தொழிலாளர்களின் புகார். அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். அதிகாரி அளந்த அதே வேலையைத் தாங்களும் ரகசியமாக ஒரு சாதாரணக் கடிகாரத்தில் அளந்தார்கள். அவர்கள் கணக்கில் வந்த நேரம், அதிகாரி எழுதியதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு!

மறுநாள் ஒரு மோல்டர், ஸ்டாப்வாட்சுக்கு முன்னால் வேலை பார்க்க மாட்டேன் என்று மறுத்தார். அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். உடனே மோல்டர்கள் எல்லோரும் வெளியேறினார்கள். நிமிடக் கணக்கு கூலியைப் பற்றியது மட்டும் இல்லை, தங்கள் மானத்தைப் பற்றியது என்பது அவர்கள் மனுவின் சாரம். விசாரணை நடத்துவதாக வாக்குறுதி வந்த பிறகே, ஒரு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினார்கள்.

தொழிலாளர்களின் சம்மதத்தைக் கேட்காமல் நேரம் குறிக்கத் தொடங்கியது தவறு என்று டெய்லரே ஒப்புக்கொண்டார். ஆனால் அதை ஒரு உத்தித் தவறாகத்தான் பார்த்தார். அந்த எண்ணே தவறாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

நான்கு நாள் விசாரணை

விவகாரம் நாடாளுமன்றத்துக்குப் போனது. சிறப்புக் குழுவின் தலைவர் வில்லியம் வில்சன், சின்ன வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். 1912 ஜனவரியில் நான்கு நாட்கள் டெய்லர் அந்தக் குழுவின் முன் சாட்சி சொன்னார். கேள்விகள் கடுமையாக இருந்தன. முதல் தர ஆளுக்குத்தான் உங்கள் முறை என்றால் மற்றவர்கள் எங்கே போவார்கள்? நிர்வாகம் குறித்த நேரம் தவறு என்றால் தொழிலாளி யாரிடம் முறையிடுவது?

டெய்லரின் பதில், இது ஸ்டாப்வாட்சோ அட்டையோ அல்ல, இரு தரப்பும் மனம் மாறுவது என்பதாக இருந்தது. லாபத்தை எப்படிப் பங்கு போடுவது என்று சண்டை போடுவதை விட்டு, அதைப் பெரிதாக்குவதில் இரு தரப்பும் கவனம் வைக்க வேண்டும் என்றார். ஆனால், அப்படி மனம் மாறிய முதலாளிகள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு அவரால் பெரிய எண்ணிக்கையைச் சொல்ல முடியவில்லை. அவருடைய முறையை வாங்கிய பலரும் ஸ்டாப்வாட்சை மட்டும் வைத்துக்கொண்டு, கூலி உயர்வை விட்டுவிட்டார்கள். அவர் மிட்வேலில் பார்த்த அதே பழைய ரேட் குறைப்பு.

1915ல் ராணுவ, கடற்படைத் தொழிற்சாலைகளில் ஸ்டாப்வாட்ச் பயன்படுத்த நாடாளுமன்றம் தடை போட்டது. அந்தத் தடை 1949 வரை நீடித்தது. அதே 1915ல், சொற்பொழிவுப் பயணத்தில் நிமோனியா பற்றிக்கொள்ள, மார்ச் 21 அன்று டெய்லர் இறந்தார். 59ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள். ஃபிலடெல்ஃபியா அருகே இருக்கும் அவருடைய கல்லறையில் சயின்டிஃபிக் மேனேஜ்மென்ட்டின் தந்தை என்று பொறித்திருக்கிறார்கள்.

அட்டையிலிருந்து கம்ப்யூட்டருக்கு

டெய்லர் போனாலும் அவருடைய அட்டை போகவில்லை. முதலாளித்துவத்தின் கருவி என்று டெய்லர் முறையைச் சாடிய லெனினே, 1918ல் ரஷ்யத் தொழிற்சாலைகள் அதைப் படித்துப் பயன்படுத்த வேண்டும் என்று எழுதினார்.

ஆனால் காகிதத்துக்கு ஒரு எல்லை உண்டு. ஒரு டிராக்டரில் ஆயிரக்கணக்கான பாகங்கள். ஒரு ஆர்டர் மாறினால் எல்லா அட்டையையும் திருத்த வேண்டும். கிளார்க்குகள் திருத்தி முடிப்பதற்குள் அடுத்த மாற்றம் வந்துவிடும். 1960களின் தொடக்கத்தில், டிராக்டர் செய்யும் ஜே.ஐ. கேஸ் நிறுவனத்தில் இருந்த ஜோசப் ஆர்லிக்கி, இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தார். எத்தனை டிராக்டர் வேண்டும் என்று சொன்னால், பொருள் பட்டியலை அடுக்கடுக்காகப் பிரித்து, கையிருப்பைக் கழித்து, எதை எப்போது வாங்க வேண்டும், எப்போது செய்யத் தொடங்க வேண்டும் என்று மெஷினே சொல்லிவிடும். இந்த முறைக்கு 'எம்ஆர்பி' என்று பெயர். 1975ல் அவர் இதைப் பற்றி எழுதிய புத்தகம் இந்தத் துறையின் பாடநூல் ஆனது. அதன்மேல் வளர்ந்ததுதான் இன்று பெரிய ஃபேக்டரிகள் பயன்படுத்தும் 'ஈஆர்பி' சாப்ட்வேர்.

சாப்ட்வேர் கணக்குப் போடுவதில் தப்பு செய்யாது. ஆனால் உள்ளே போடுகிற எண்ணை அது கேள்வி கேட்காது. வெல்டிங்குக்கு 12 நிமிடம் என்று ரூட்டிங்கில் இருந்தால், உண்மையில் 20 நிமிடம் ஆனாலும் 12ஐ வைத்தே தேதி சொல்லும். 100 ஃப்ரேமுக்கு 800 நிமிடம், அதாவது 13 மணி நேரத்துக்கு மேல் துண்டு விழும். டெலிவரி தள்ளிப்போகும். கடைசியில் பேச்சு வாங்குவது வெல்டிங் போடுகிறவர்.

இதன் மறுபக்கமும் உண்டு. சரியான நேரத்தைச் சொன்னால் அடுத்த மாதம் டார்கெட்டைக் கூட்டிவிடுவார்கள் என்ற பயம் இருந்தால், யாரும் உண்மையான நிமிடத்தைப் பதிவு செய்ய மாட்டார்கள். மிட்வேலில் நடந்ததே திரையிலும் நடக்கும்.

இந்த முடிச்சை ஓரளவு அவிழ்த்தது ஜப்பானின் டொயோட்டா. அங்கே வேலையின் வரிசையையும் நேரத்தையும் எழுதும் தாள் உண்டு. ஆனால் அதை ஆபீஸிலிருந்து யாரும் எழுதி அனுப்பக் கூடாது, பட்டறையில் நிற்பவர்களே எழுத வேண்டும், அவர்களே திருத்த வேண்டும் என்பது தாய்ச்சி ஓனோ வகுத்த வழி. அளக்க வேண்டும் என்பதில் அவர் டெய்லரோடு உடன்பட்டார். யார் அளப்பது என்பதில்தான் வேறு வழியில் போனார்.

வேலையை அளக்காமல் ஒரு ஃபேக்டரியை நடத்த முடியாது என்று டெய்லர் சொன்னது சரிதான். இன்று அதை யாரும் மறுப்பதில்லை. வாட்டர்டவுன் மோல்டர்கள் கேட்டது அதற்கு அடுத்த கேள்வி. சாப்ட்வேரில் ரூட்டிங் போடும் ஒவ்வொருவர் முன்னாலும் அந்தக் கேள்வி இன்றும் இருக்கிறது. நிமிடம் என்ற அந்தக் கட்டத்தில் ஒரு எண்ணை டைப் செய்வதற்கு முன், அந்த மெஷினில் நிற்பவரிடம் ஒரு தடவை கேட்டீர்களா?